குடம் விழாத பால்கனி

கோர்ஃபூ தீவு, கிரீஸ்,
ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம், செவ்வாய்.

அன்பு மகள் தியோனிக்கு, அம்மா லூக்கியா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் டொரோண்டோவில் சுகமாக இருக்க வேண்டும் என்று நம் தீவைக் காக்கும் ஸ்பிரிடோன் புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. ஈஸ்டர் ரொட்டி இந்த வருஷம் சரியாக உப்பவில்லை, மனசு சரியில்லாதவள் பிசைந்த மாவு அப்படித்தான் இருக்கும். குழந்தைக்கு இன்னும் இருமல் என்றாயே, தேனும் எலுமிச்சையும் கொடு, பிஸ்கட்டைக் கொடுத்தே வயிற்றை ரொப்பாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அடுத்த வசந்தத்துக்கு டிக்கெட் பார்ப்பதாகவும், ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலை ஊரே தண்ணீர் நிறைத்த மண்குடங்களைத் தெருவில் போட்டு உடைக்கும்போது நம் பால்கனியிலிருந்து பேரன் தாத்தாவோடு சேர்ந்து குடம் போட வேண்டும் என்றும் ஆசையாகச் சொன்னாய். நானும் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு நினைவு தப்புகிறது, தியோனி. சாவியை மறந்தார் கண்ணாடியை மறந்தார் என்று நான் உன்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னதெல்லாம் அதுதான். கிறிஸ்துமஸ் சமயத்தில், வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய பாதையில் இருக்கும் ஊர்களின் பெயர்கள் போயின. நோன்பு தொடங்கியபோது எதிர்வீட்டு ஃப்ரோஸோ யார் என்று கேட்டார். அவளோ விடாமல், நான்தாண்ணே உங்களுக்குத் தினமும் காபி போட்டுக் கெடுக்கிறவ என்று சொல்லிச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதாளாம்.

குடம் போடுவதில் உன் அப்பா எவ்வளவு கறார் என்று உனக்குத் தெரியும். பதினோரு மணிக்குக் கோயில் மணி அடித்தாலும், கீழே யாராவது இருக்கீங்களா என்று மூன்று தடவை கத்திக் கேட்காமல் ஒரு நாளும் போட்டதில்லை. அந்த மனுஷர் ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, நான் ஈஸ்டர் சூப்புக்கு ஆட்டுக் குடல் சொல்லிவைக்கக் கசாப்புக்கடைக்குப் போயிருந்த நேரத்தில், குடம் நிறையத் தண்ணீரோடு பால்கனிக்கு வந்து கேட்காமல் கொள்ளாமல் கீழே போட்டுவிட்டார். சந்து முனையில் திரும்பும்போது சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண், தள்ளுவண்டியில் கைக்குழந்தை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உடைந்த ஓடுகள். அவளுடைய செருப்பு நனைந்திருந்தது. இதில் கொடுமை என்னவென்றால் சுற்றுலா வந்த கூட்டம் மொத்தமும் கைதட்டியது. ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு, படம் பிடிக்கத் தவறிவிட்டேன், இன்னொன்று போடச் சொல்லுங்கள் என்று என்னிடமே கேட்டான். உன் அப்பா மார்பில் கைவைத்துக் குனிந்து வணங்கினார். ஃப்ரோஸோதான் துணி காயப்போட்ட கையோடு எட்டிப் பார்த்து, ஒத்திகைதாங்க, வருஷா வருஷம் நடக்கிறதுதான் என்று சமாளித்தாள். பிறகு என்னைத் தனியாக அழைத்து, அக்கா இன்னிக்குப் புனிதர் காப்பாத்திட்டார், ஆனா அவரும் எத்தனை பால்கனியைத்தான் பார்ப்பார் என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு. அன்று முதல் நான் அவரைத் தனியாக விட்டுவிட்டு எங்கும் போவதில்லை, கோயிலுக்குப் போனாலும் ஃப்ரோஸோ வந்து கூட இருக்கிறாள்.

சனிக்கிழமை பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். திருவிழாவுக்கு வருஷா வருஷம் பால்கனியில் கட்டும் சிவப்புத் துணியும் கட்டவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நம் பால்கனியிலிருந்து குடம் விழாத ஈஸ்டர் இதுதான். மணி அடித்து ஊர் முழுக்கக் குடங்கள் உடைந்து நொறுங்கும்போது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னை மரியாதையாகப் பார்த்து, ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்காரா, இந்த வீட்டுலேருந்து ஒண்ணும் விழலையே, நாலு பேர் என்ன நினைப்பாங்க என்று கேட்டார். ஆமாங்க, வெளியூர்தான் என்றேன். அடுப்பில் சூப் பொங்கியது, போய்க் கிளறினேன். அதன் பிறகுதான் அழுதேன். இத்தனை வருஷம் இந்த மனுஷருக்குச் சமைத்துப் போட்டு, சண்டை போட்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்து, கடைசியில் நான் யார் வீட்டுப் பெண்ணோ ஆகிவிட்டேன். கோபமாகத்தான் இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை குளியலறையில் ஒரு குடத்தைப் பார்த்தேன். எப்போது வாங்கி ஒளித்தாரோ, கழுத்துவரை தண்ணீர். கொட்டிவிடலாம் என்று கை வைத்தேன். பின்னாலேயே வந்து, அதைத் தொடாதீங்கம்மா, அது தியோனியோடது, அவ வந்துக்கிட்டிருக்கா என்றார். தியோனி யார் என்று வேண்டுமென்றே கேட்டேன். என் பொண்ணு, டொரோண்டோவுல இருக்கா, வெயில் பட்டா மூக்கு சிவந்துடும் என்று தெளிவாகச் சொன்னார். தினமும் காலையில் அந்தத் தண்ணீரை மாற்றி வைக்கிறார்.

இந்த நினைவும் இன்னும் இத்தனை மாதம் நிற்கும் என்றெல்லாம் டாக்டர் சொல்லவில்லை. ஊர்ப் பெயர்கள் போயின, ஃப்ரோஸோ போனாள், நான் போய்விட்டேன். மிச்சம் நீதான். அதனால் வசந்தம், பூ, திருவிழா என்று காத்திருக்காதே. லீவு கிடைக்காவிட்டால் சண்டை போட்டு வாங்கு. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், இப்படித் திடீரென்று கிளம்பச் சொல்வதற்கு அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பேரனுக்கு நெற்றியில் என் முத்தம். உங்கள் மூவரையும் புனிதர் காக்கட்டும், கடல் தாண்டி வரும் வழியெல்லாம் அவர் கை உங்கள் தலைமேல் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வாசலில் வந்து மணியை அடித்துவிட்டுப் பொறுமையாக நில். நான் வந்து திறக்க மாட்டேன். அவர் திறக்கட்டும்.

உன் அம்மா,
லூக்கியா