தட்டுக்கு மேலே ஒரு விளக்கு

முதலாளி,

இன்று காலை உங்கள் விளக்குக் குடை என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. பச்சைத் தகரம், ஓரத்தில் நசுங்கல். இங்கே விளக்கு போடுகிற எலக்ட்ரீஷியன் அதைக் காயலாங்கடையில் வாங்கிவந்து, "யக்கா, உன் மேசைக்கு மேல மாட்டிடவா? கெத்தா இருக்கும்" என்றார். எனக்குத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிட்டது. அதன் கீழே எத்தனை வருஷம் கை கட்டி நின்றிருக்கிறேன்!

செத்தவர்களை ஏசக் கூடாதாம். நான் ஏசவில்லை, விளக்குக் கணக்கு மட்டும் சொல்கிறேன்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் உங்கள் இறால் கொட்டகை. நாங்கள் வரிசையாகக் குந்தி உரிப்போம். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் முதுகுக்குப் பின்னால். குனிந்தால் அவரவர் தலை நிழல் அவரவர் தட்டில் விழும். அதனால் ஒவ்வொரு இறாலையும் வாசல் பக்கம் தூக்கிப் பிடித்து, வெளி வெயிலில் முதுகு நரம்பு எடுபட்டதா என்று பார்த்துத்தான் போடுவோம். இன்னொரு விளக்கு கேட்டபோது சொன்னீர்கள்: "இறால் உரிக்க இன்னாத்துக்கும்மா லைட்டு? கைக்கே கண்ணு கீது." ஆகா, என்ன ஞானம்!

எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று ஊரில் உங்களைச் சொல்வார்கள். நான் ஒப்ப மாட்டேன். கருமி என்றால் எல்லா இடத்திலும் கருமியாக இருக்க வேண்டாமா? உங்கள் மேசைக்கு மேல் மட்டும் இந்தக் குடையும், உள்ளே கண் கூசும் குண்டு பல்பும் விடாமல் எரியும். வேலை நடக்கிற இடத்தில் இருட்டு. குற்றம் கண்டுபிடிக்கிற இடத்தில் பட்டப்பகல். இருட்டில் உரித்த தட்டை அந்த வெளிச்சத்துக்குத் தூக்கி வருவோம். நீங்கள் விரலால் கிளறி, ஓட்டுத் துணுக்கு ஒன்றை நகத்தில் ஏந்திக் காட்டுவீர்கள். வெட்கமே இல்லாமல்.

செல்வியை அப்படித்தான் அனுப்பினீர்கள். என் பக்கத்தில் உட்காருகிறவள். பார்வை மங்க ஆரம்பித்திருந்தது. "கண்ணு அவிஞ்சி போச்சி உனக்கு, ஊட்ல குந்து" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். அவள் புருஷன் கடலுக்குப் போக முடியாமல் படுத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள்.

உங்கள் சாவு வீட்டுப் பந்தல் முழுக்க டியூப் லைட். அவ்வளவு வெளிச்சத்தில் நானும் செல்வியும் ஒன்றாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வரவில்லை. அவள் என் கையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இத்தினி தழும்பா யக்கா?" என்றாள். அன்றுதான் அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இப்போது சின்னதாகச் சொந்தக் கொட்டகை போட்டிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் நீளம் அகலம் பார்த்துவிட்டு இரண்டு லைட் போதும் என்றார். அறைக்குப் போதும்தான். அறையா இறால் உரிக்கிறது? பெண்களைத் தட்டோடு உட்காரவைத்தேன். நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, இருவருக்கு ஒன்றாக எதிர்ப்பக்கம் போடச் சொன்னேன். கழுவும் தொட்டிக்கு ஒன்று. செல்விக்குத் தனியாக ஒன்று, தாழ்வாக. "இது கொட்டாயா, கல்யாண மண்டபமா?" என்று சிரித்தார் அவர். என் மேசைக்கு மேல் எதுவும் வேண்டாம் என்றேன். தட்டைப் பார்க்க வேண்டுமென்றால் நான் எழுந்து அவர்கள் விளக்குக்குப் போகிறேன், கால் இருக்கிறது.

உங்கள் குடை கொல்லையில், இறால் ஓடு கொட்டும் டிரம்முக்கு மேலே தொங்குகிறது. அதன் கீழே இப்போது பூனைகள் தரம் பார்க்கின்றன. உங்களைவிட நியாயமாகவே பார்க்கின்றன.

சாயங்காலம் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு, செல்வி பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். தட்டில் நிழலே இல்லை. ஆனாலும் முதல் இறாலை உரித்ததும் என் கை தானாக வாசல் பக்கம் தூக்கிப் பிடித்தது. எரிச்சலோடு இறக்கிவிட்டுத் திரும்பினால், செல்வியும் அவளுடையதைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

என்னைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

"பாவி, செத்தும் நம்ம கைய உடல பாருக்கா" என்றாள்.