நான் கொடுக்காத புகாரின் பேரில் நீக்கப்பட்ட மூன்று தாள்கள்

அனுப்புநர்:
கழிவுநீர் லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
(வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரின் தகப்பன்),
லாரி நிறுத்தத்துக்குப் பின்தெரு.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
அரசு கலைக் கல்லூரி.

பொருள்: தொடக்க நவீன கால ஜப்பானின் சமூக வரலாறு – மூல ஆவணத் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்ட மூன்று தாள்களைத் திரும்பச் சேர்க்கவும், பாடத்தைப் பழைய ஆசிரியையிடமே ஒப்படைக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: பாடத்திட்டக் குழுவின் சுற்றறிக்கை, நாள் பிப்ரவரி 26.

முதல்வர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

என் குடும்பத்திலிருந்து தங்கள் அலுவலகத்துக்கு வரும் முதல் புகார் இதுதான். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. பார்வையில் கண்ட சுற்றறிக்கை, "மாணவியின் குடும்பத்தார் தரப்பில் பெறப்பட்ட புகாரின் அடிப்படையில்" என்று தொடங்குகிறது. அந்த மாணவி என் மகள். குடும்பத்தார் என்றால் நான், என் மனைவி, எங்களோடு இருக்கும் என் அக்கா. மூவரையும் தனித்தனியே விசாரித்துவிட்டேன், என்னையும் சேர்த்து. ஒருவரும் வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ புகார் கொடுக்கவில்லை. நடந்ததைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

1. மேற்படி ஆசிரியை, அந்தக் கால ஜப்பானியர் எழுதிய பன்னிரண்டு ஆவணங்களைத் தேர்ந்தெடுத்து, நம் மொழியில் தாமே பெயர்த்து, நகலெடுத்துக் கொடுத்துப் பாடம் நடத்தி வந்தார். பிப்ரவரி 4 அன்று ஐந்தாம் தாள். ஒசாகா நகரை ஒட்டிய கிராமத்து விவசாயிகள் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. அக்காலத்தில் நகரத்து மனிதக் கழிவுதான் விவசாயிகள் விலைக்கு வாங்கி வயலுக்கு இடும் எரு. வாடகை வீடு என்றால் மலம் வீட்டுக்காரருக்குச் சொந்தம், சிறுநீர் குடியிருப்பவருக்குச் சொந்தம். இந்த இடத்தை வாசித்ததும் வகுப்பே சிரித்திருக்கிறது. சிரிப்பு வரும் விஷயம்தான். நானும் பிறகு சிரித்தேன்.

2. ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னதாகத் தெரிகிறது. அப்போது என் மகள் எழுந்து, "எங்கப்பா செய்யற வேலையே இதுதான். மூக்கைப் பிடிக்காம படிங்க" என்று சொல்லியிருக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, ஆசிரியையும் சொல்லச் சொல்லவில்லை. அவளாகவே சொன்னாள். இதைத்தான் சுற்றறிக்கை "மாணவி பலர் முன்னிலையில் அவமானத்துக்கு ஆளாக்கப்பட்டார்" என்று எழுதியிருக்கிறது.

3. அன்று மாலை நான் லாரிக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "அப்பா, இதுல 'இந்த வருஷம் சரக்கு நீர்த்துப் போச்சு, வீட்டுக்காரங்க தண்ணி கலக்கறாங்க'ன்னு விவசாயிங்க சொல்றாங்க. வீட்டுக்காரங்க 'நாங்க கலக்கவே இல்ல'ங்கறாங்க. யாரு பொய் சொல்றாங்கன்னு மேடம் கேட்டிருக்காங்க" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை வாசித்தேன். மனுவின் அடியில் ஐந்தாம் மாதம் என்று தேதி இருந்தது. "அங்க அது மழை மாசமான்னு உங்க மேடத்தைக் கேளு" என்றேன். மழைக்காலத்தில் மூடி சரியில்லாத எந்தக் குழியும் நீர்த்துத்தான் போகும். நான் பத்தொன்பது வருஷமாகப் பார்ப்பது இது. ஒருவரும் கலக்க வேண்டியதில்லை, ஒருவரும் பொய் சொல்ல வேண்டியதுமில்லை.

4. மகள் போய்ச் சொன்னதும் மறுநாளே ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, இதை வகுப்புக்கு வந்து பேசச் சொன்னார். பிப்ரவரி 11 அன்று, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, லாரியைப் பின்வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வகுப்புக்கு வந்தேன். "ஆறு வருஷமா இந்தத் தாளை நடத்தறேன் சார். தேதியைப் பார்த்தேன், மழையைப் பார்க்கல" என்று பிள்ளைகள் எதிரிலேயே சொன்னார். படித்தவர் ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இருபது நிமிஷம் பேசினேன். மூக்கைப் பிடித்த பையன்தான் அதிகக் கேள்வி கேட்டான். என் மகள் தலை நிமிரவே இல்லை. வெட்கப்படுகிறாளோ என்று ஒரு கணம் மனசு கலங்கியது. பிறகுதான் பார்த்தேன், நான் சொல்வதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். என் பேச்சை யாரும் அதற்கு முன் எழுதிவைத்ததில்லை ஐயா.

5. நான் வெளியே வரும்போது பாடத்திட்டக் குழு உறுப்பினர் ஒருவர் தாழ்வாரத்தில் நிறுத்தி, எதற்கு வந்தீர்கள் என்று விசாரித்தார். ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னேன். அதிலிருந்து பதினைந்தாம் நாள், பிப்ரவரி 26 அன்று, சுற்றறிக்கை வந்தது. ஐந்தாம் தாள் நீக்கம். அதோடு, "இதே போன்று தரக்குறைவான" என்று சொல்லி அதே தொகுப்பிலிருந்த வேலைக்காரப் பெண் ஒருத்தியின் ஒப்பந்தமும், கணவன் மனைவிக்கு எழுதிக்கொடுக்கும் விலக்குச் சீட்டும் நீக்கம். பாடம் வேறொருவர் கைக்குப் போனது. ஆசிரியை இப்போது நூலகத்தில் புத்தகங்களைச் சரிபார்க்கிறார்.

6. விலக்குச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது மூன்றரை வரிதான். உன்னை விலக்குகிறேன், இனி நீ யாரைக் கட்டிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருக்கும். ஆணின் அதிகாரத்தைக் காட்டும் தாள் என்று பாதி வகுப்பும், பெண்ணுக்கு விடுதலை தரும் தாள் என்று மீதி வகுப்பும் வாதாடினார்களாம். என் அக்கா தையல்காரர். புருஷனை விட்டு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. மகள் வாசித்துக் காட்டியபோது மெஷினை நிறுத்திவிட்டு, "அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படி" என்றார். கேட்டுவிட்டு, "இதைக்கூட எழுதித் தராம ஓடிட்டான் பாவி" என்று சொல்லி மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். இந்தத் தாள் தரக்குறைவானது என்று என் அக்காவிடம் வந்து சொல்லக் குழு உறுப்பினர்களில் யாருக்காவது துணிச்சல் உண்டா என்று தெரியவில்லை.

7. நீக்கியவற்றுக்குப் பதிலாகப் போர்வீரர் குடும்பம் ஒன்றின் அறிவுரைகளைச் சேர்த்திருக்கிறார்கள். விடியுமுன் எழு, அளந்து பேசு, ஆடம்பரம் தவிர். வாங்கி வாசித்தேன். நல்ல வார்த்தைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் லாரி நிறுத்தத்தில் 'இங்கு புகைபிடிக்கக் கூடாது' என்று பெரிய பலகை இருக்கிறது. முந்நூறு வருஷம் கழித்து ஒருவர் அந்தப் பலகையை மட்டும் வாசித்தால், ஓட்டுநர்களில் ஒருவர்கூடப் புகைத்ததில்லை என்று எழுதிவிடுவார். பலகைக்குக் கீழே கிடக்கும் பீடித் துண்டுகளையும் யாராவது அவருக்குக் காட்ட வேண்டும். ஆசிரியை பலகையை விட்டுவிடவும் இல்லை. அவருடைய பன்னிரண்டில் இரண்டு தாள்கள் இப்படிப்பட்ட அறிவுரைகள்தான். பலகையையும் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். இப்போது துண்டுகளை எடுத்துவிட்டுச் சேர்ப்பதெல்லாம் பலகைகள்.

8. பிப்ரவரி 28 அன்று அந்த உறுப்பினரை அவர் அறையிலேயே சந்தித்தேன். உட்காரச் சொன்னார், மரியாதையாகவே பேசினார். "உங்க நல்லதுக்குத்தான் செஞ்சோம். உங்க மானம் கப்பலேறக் கூடாது பாருங்க" என்றார். "என் மானம் கப்பலேறினதை யாருங்க பார்த்தாங்க?" என்று கேட்டேன். "அப்ப நான் கொடுத்த புகாரைக் காட்டுங்க" என்றேன். கோப்பு வேறு பிரிவில் இருப்பதாகச் சொன்னார். இன்றுவரை அந்தப் பிரிவு எது என்று எனக்குத் தெரியவில்லை.

9. அவமானம் இப்போதுதான் நடக்கிறது. "உன்னாலதான் மேடம் போனாங்க" என்று உடன் படிப்பவர்கள் என் மகளிடம் சொல்கிறார்கள். அவள் வகுப்புக்குப் போகிறாள், வாய் திறப்பதில்லை. மூக்கைப் பிடித்தவனுக்கு எதிரே எழுந்து நின்ற பெண்ணை, அவள் மானத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஆகவே தாங்கள் தலையிட்டு,
(அ) சுற்றறிக்கையை ரத்து செய்து மூன்று தாள்களையும் தேர்வுக்கு முன் திரும்பச் சேர்க்கவும்,
(ஆ) பாடத்தை அதே ஆசிரியையிடம் ஒப்படைக்கவும்,
(இ) எங்கள் பெயரில் இருப்பதாகச் சொல்லப்படும் புகாரை என் முன்னிலையில் எடுத்துக் காட்டவும், அப்படி ஒன்று இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் தரவும்
ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். விசாரணை வைத்தால் எந்த வேலை நாளிலும் பதினொரு மணிக்குமேல் வருவேன். பேச்சில் பின்வாங்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. இதில் தவறு என்னுடையது. என் மகளின் சேர்க்கைப் படிவத்தில், தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் 'போக்குவரத்து' என்று எழுதியிருக்கும். எழுத்தர் கேட்டபோது, வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி நான்தான் அப்படிச் சொன்னேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அதை அடித்துவிட்டு 'கழிவுநீர் லாரி ஓட்டுநர்' என்று எழுத அனுமதி தர வேண்டுகிறேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட நானே நேரில் வருகிறேன்.

இணைப்பு: சுற்றறிக்கை நகல், மூன்று தாள்களின் நகல்.

இடம்: லாரி நிறுத்தம்
நாள்: மார்ச் 5

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மாணவியின் தகப்பன்