"எங்க பயமாக் கீது?" என்று கேட்ட மேஸ்திரிக்கு

என் அன்பு மாமா,

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஆலங்காயம் பக்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு நாம் வெட்டிக்கொண்டிருந்த ரோடு இன்னும் முடியவில்லை. உங்கள் இடத்தில் என்னை மேஸ்திரியாகப் போட்டிருக்கிறார்கள். அக்கா நன்றாக இருக்கிறாள். உங்களைக் கொண்டுபோன காமாலையைத்தான் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும் மாமா. காலையில் எல்லா மேஸ்திரிகளும் வேலை சொல்வார்கள். நீங்கள் மட்டும் ஆட்களை உட்காரவைத்து, "இன்னிக்கு எங்க பயமாக் கீது?" என்று கேட்பீர்கள். எப்படித் தோன்றியது அது?

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பயம் என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று நினைத்தார்கள். கல் சுமக்கிற பச்சையம்மாதான் ஒருநாள் மேலே கைகாட்டினாள். "அந்தப் பாற உருண்டு வந்துருமோன்னு பயமாக் கீது மேஸ்திரி."

வேலையை நிறுத்தினீர்கள். ஆட்கள் மேலே ஏறிக் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். பாறை அசையவே இல்லை. வேலை கெட்டுவிட்டது என்று காண்டிராக்டர் குதித்தார். பச்சையம்மா கூனிக் குறுகி நின்றாள்.

"கெட்டியா கீதுன்னு இப்பத்தான தெரிஞ்சுது? நாளைக்கும் எதுனா தோணுச்சின்னா சொல்லும்மா" என்றீர்கள்.

அதற்கப்புறம்தான் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் தன் சம்மட்டிக் காம்பு ஆடுகிறது என்றார். பாறைக்கு வேட்டு வைக்கும்போது கீழே மாடு ஓட்டி வருகிறவர்களுக்கு யார் சொல்வது என்று ஒருத்தி கேட்டாள். மறுநாளே வளைவில் ஆள் நிறுத்தினீர்கள்.

பிறகு அந்த நாள். வைத்த வேட்டுகளில் ஒன்று வெடிக்கவில்லை. திரி அணைந்திருக்கும் என்று நீங்கள் எழுந்து நடந்தீர்கள்.

"நில்லு மேஸ்திரி, எனக்குப் பயமாக் கீது" என்றாள் பச்சையம்மா. அத்தனை பேர் முன்னால்.

நின்றீர்கள். அவளைப் பார்த்தீர்கள். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். பீடியைப் பற்றவைப்பதற்குள் அது வெடித்தது. நீங்கள் போய் நின்றிருக்க வேண்டிய இடத்தில் கல்லும் புழுதியும்தான் தெரிந்தன.

நின்ற அந்த நேரத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது? கோபம் வந்ததா? இதற்காகத்தானே இத்தனை நாள் கேட்டோம் என்று தோன்றியதா? நீங்கள் காமாலையில் படுத்திருந்தபோதாவது நான் கேட்டிருக்கலாம்.

இப்போது நானும் தினம் கேட்கிறேன். பதிலே வரவில்லை. நேற்று பச்சையம்மாதான் பேசினாள்.

"கோச்சிக்காத மேஸ்திரி. நீ கத்துறியே, அதான் பயமாக் கீது. அப்பால யாரு வந்து உன்னாண்ட பாறையப் பத்திச் சொல்லுவாங்க?"

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு முகம் சுட்டது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அவர்களும் சிரித்தார்கள். இன்று காலை, இதுவரை வாயே திறக்காத குப்பன், ஏறி இறங்கும் கயிறு நைந்திருக்கிறது என்றான். இழுத்துப் பார்த்தேன். அறுந்து கையோடு வந்தது.

இந்த ரோடு முடிகிறவரை கத்தாமல் கேட்பேன் மாமா. என்னையே நில் என்றாலும் நிற்பேன்.

உங்கள் மச்சினன்,
ஏழுமலை