எண்ணூர் ரோட்டுக்கு எதற்குக் கியர்

பேத்தி மகிழினிக்கு ஆயா எழுதுவது. பெங்களூரில் சமையல் வேலையும் என் உடம்பும் நன்றாக இருக்கின்றன. உன் இருமல் நின்றதா?

நீ ஆசைப்படுகிற, கியர்பாக்ஸும் செயினுக்குப் பதில் பெல்ட்டும் வைத்த சைக்கிளை இந்த வீட்டு முதலாளியும் வைத்திருக்கிறார். துருப்பிடிக்காது, எண்ணெய் வேண்டாம் என்று ஒரே பெருமை. நேற்று பெல்ட் அறுந்து, தள்ளிக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், செயினா இருந்தா ரோட்டாண்டயே கோத்துகினு வந்துருப்பீங்களே" என்றேன்.

"வெளிநாட்டுலேர்ந்து பெல்ட் வரணும்மா" என்றார்.

இதெல்லாம் ஒரு வண்டியா? எண்ணூர் ரோட்டில் எந்த மலையில் ஏற உனக்குக் கியர்? வழியில் அறுந்தால், நீ போய்ச் சேர்வதற்குள் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கேட்டை மூடிவிடுவார்கள், உனக்குக் கிடைத்த புது வேலை போய்விடும். உப்புக்காற்றுக்குச் செயினில் எண்ணெய் விடு, கை தேய்ந்துவிடாது.

சாதா சைக்கிளே வாங்கு. கேரியர் கட்டாயம் இருக்கட்டும். பொங்கலுக்கு வந்தால் ஸ்டேஷனிலிருந்து என்னை வேறு யார் ஏற்றிப் போவார்கள்? குக்கர் கூப்பிடுகிறது.

ஆயா சொக்கம்மாள்