முன்பக்கம் காட்டாத நேரலை

இன்று காலை பேக்கிங் அறையை ஒழுங்குபடுத்தும்போது உன் கொண்டைக் கிளிப் கையில் அகப்பட்டது. கொண்டைக் கிளிப் என்று சொல்கிறேனே தவிர, அது உன் தலையில் இருந்த நாட்கள் குறைவு. செல்போன் ஸ்டாண்டின் ஸ்பிரிங் போன பிறகு போனைப் பிடித்து நிறுத்தியிருந்தது அதுதான். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "இது என்ன, உன்ற கிட்டச் சோறா கேக்குது? அது பாட்டுக்கு நிக்குது" என்பாய். இப்போது புது ஸ்டாண்ட் வந்துவிட்டது, வட்ட விளக்கோடு. நீ இருந்திருந்தால் கல்யாண வீட்டு வீடியோக்காரர் வந்துவிட்டார் என்று கிண்டல் செய்திருப்பாய். கிளிப்பின் பல்லில் உன் முடி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. கிளிப்பை அப்படியே புது ஸ்டாண்டில் மாட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உனக்கு ஒருவர் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைக் கடைசியில் சொல்கிறேன். பொறுமை உனக்குக் கிடையாது, இருந்தாலும் கேள்.

நாம் இருவரும் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தவர்கள். நீ செக்கிங்கில், நான் சாம்பிள் பிரிவில். அங்கிருந்து வெளியே வந்து திருப்பூர் வீரபாண்டியில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, குழந்தைகளுக்குப் பனியனும் ஜட்டியும் தைக்க ஆரம்பித்தோம். கடை கடையாக ஏறி இறங்கிச் சலித்த பிறகுதான் இணையத்தில் விற்றுப் பார்க்கலாம் என்று தோன்றியது. படம் எடுப்பதும் எழுதுவதும் விளம்பரம் கொடுப்பதும் என் வேலை, பேசுவது உன் வேலை என்று பிரித்துக்கொண்டோம். வாயாடுவதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நம்பிக்கையில் உன்னைக் கேமரா முன்னால் நிறுத்தினேன்.

அந்த முதல் நேரலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு நேராக வந்தாய். "வணக்கமுங்க, திருப்பூருங்க" என்று ஆரம்பித்தாய். முதல் பனியனை எடுத்தாய். எடுத்த வேகத்தில் அதன் உள்பக்கத்தைத் திருப்பினாய். செக்கிங் மேஜையில் வருஷக்கணக்காக நின்ற கை அது. பிசிறும் விட்ட தையலும் உள்ளேதான் தெரியும் என்பதால் அங்கே எல்லோரும் உள்பக்கத்திலிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பார்கள். நீ தையலைக் காட்டினாய், கழுத்தை இழுத்து விட்டாய், பக்கத்தில் வைத்தாய். அடுத்ததையும் திருப்பினாய். அதற்கடுத்ததையும்.

யானை, பலூன், ரயில் என்று ஆசை ஆசையாக நாம் போட்ட பிரிண்ட் ஒன்றைக்கூட உலகம் பார்க்கவில்லை. நான் போனுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன். நான் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு நீ இன்னும் உற்சாகமாகத் திருப்பினாய். போதாததற்கு நடுவில் ஒரு பீஸைப் பார்த்து முகம் சுளித்து, "இதுல தையல் உட்டிருக்குதுங்க, இது உங்களுக்கு வேண்டாமுங்க" என்று தூக்கிப் போட்டாய். எனக்குத் தலை சுற்றியது.

"ஏம்மிணி, நான் முன்னால காட்டவே இல்லியா?" என்று முடிந்த பிறகு கேட்டாயே, அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. இருவரும் துணிமூட்டைமேல் விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்துப் போனைப் பார்த்தால், "முன்பக்கம் எப்படி இருக்கும் அக்கா?" என்று கேட்டவர்களே ஆர்டரும் போட்டிருந்தார்கள். முன்பக்கத்தைப் பார்க்காமலே வாங்கியிருந்தார்கள்! அதற்குப் பிறகு நீ உள்பக்கத்தை முதலில் காட்டி, முன்பக்கத்தைப் போனால் போகிறதென்று கடைசியில் காட்டுவாய்.

ஆனால் நான் அசந்து போனது அன்றைக்கு அல்ல. மக்கள் என்ன சொல்லைத் தட்டித் தேடி நம்மிடம் வந்து சேர்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தை முதன்முதலாகத் திறந்து பார்த்த அன்றுதான். 'குழந்தை ஆடை மொத்த விலை' என்பது போன்ற சொற்களுக்காகத்தான் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சொற்களில் வந்தவர்கள் கொஞ்சம். 'உள்பக்கம் திருப்பிக் காட்டும் அக்கா' என்று தேடி வந்திருந்தார்கள். 'கழுத்து இழுக்கும் அக்கா பனியன்' என்று வந்திருந்தார்கள். யார் இவர்கள், எந்த ஊரில் எந்த வீட்டில் உட்கார்ந்து உன்னை இப்படிக் கூப்பிட்டார்கள் என்று நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது. நீ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தாய். நடுவில் ஒரு வரி: 'நெஞ்சில் ஆபரேஷன் செய்த குழந்தைக்குத் தையல் உறுத்தாத பனியன்'. வாசித்துவிட்டு அந்த வரிமேல் விரலை வைத்தாய்.

"எங்க சர்ச்சுல ஜெப விண்ணப்பப் பெட்டி வெச்சிருக்காங்க. வாய்விட்டுச் சொல்ல முடியாதத சீட்டுல எழுதிப் போடுவாங்க. இதும் அதாட்டவே இருக்குது அம்மிணி" என்றாய்.

மறுநாளே தையல்காரரிடம் சொல்லி, தையல் முழுக்க வெளிப்பக்கம் வருமாறு ஒரு பனியன் தைக்கச் சொன்னாய். பார்ப்பதற்கு உள்ளே வெளியே மாற்றிப் போட்டது போல இருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினால் வழவழவென்று ஒன்றுமே தட்டுப்படவில்லை. அதை நேரலையில் காட்டி, "ஆபரேசன் பண்ணுன கொழந்தைக்குத் தேடுன அம்மா யாருன்னு தெரீலீங்க. இது உங்களுக்குத்தானுங்க" என்றாய். அந்தத் தாய் பார்த்தாளா என்பது அன்று நமக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு வாரத்தில் இல்லாமல் போனாய். இதை எழுதும்போதுகூடக் கை நம்ப மறுக்கிறது.

உன்னை அடக்கம் செய்த பிறகு நம் இணையப் பக்கத்தில் நான் எதையும் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை. படங்களை மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா எங்கே?", "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதற்கிடையில் தேடலின் போக்கும் மாறிவிட்டது. இப்போதெல்லாம் கேள்வியைத் தட்டினால் மெஷினே மேலே பதிலை எழுதிவிடுகிறது. யாரும் பக்கங்களைத் திறந்து உள்ளே வருவதில்லை. குழந்தைக்குப் பனியன் எப்படிப் பார்த்து வாங்குவது என்று நானே ஒருநாள் தட்டிப் பார்த்தேன். உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள், கழுத்தை இழுத்து விட்டுப் பாருங்கள் என்று பதில் வந்தது. உன் பேச்சுதான், 'ங்க'வை எல்லாம் உருவி எடுத்துவிட்டு. யாரிடம் கற்றது என்று ஒரு வார்த்தை இல்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கோ இருக்கும் ஒரு மெஷின், நம் தகரக் கொட்டகையில் நீ சொன்னதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆர்டர் குறைந்துகொண்டே வந்தது. பண்டிகைக்குள் நிமிராவிட்டால் தையல்காரர்களை நிறுத்த வேண்டியதுதான் என்ற நிலை. அப்போதுதான், ஆர்டர் கூடிய பிறகு விளம்பர வேலையை நாம் ஒப்படைத்த தம்பி ஒரு யோசனையோடு வந்தான். "அக்காவோட பழைய வீடியோ அத்தனையும் குடுத்தாப் போதுமுங்க. அக்காவே வந்து பேசுறாப்புல பண்ணிடலாமுங்க. ஆருக்கும் தெரியாதுங்க" என்றான். அவனைக் குற்றம் சொல்லாதே. உன் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவனும் ஒருவன். நீ இல்லை என்று சொன்னால் பக்கமே படுத்துவிடும் என்று பயந்தான். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. உன் மகளைக் கேட்காமல் எதுவும் வேண்டாம் என்று, அவளைக் கல்லூரியிலிருந்து வரவழைத்தேன்.

லேப்டாப்பில் ஓட விட்டான். "வணக்கமுங்க, திருப்பூருங்க." உன் குரல். பேசும் முன் தொண்டையைச் செருமுவாயே, அதுகூட இருந்தது. உன் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். உயிரோடு வந்து நிற்கிறாய் என்றே ஒரு கணம் நினைத்தேன். திரையில் நீ ஒரு பனியனை எடுத்தாய். யானைப் படத்தை அழகாகக் காட்டினாய். சிரித்தாய். பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாய்.

"சித்தி, அம்மா திருப்பவே இல்லீங்களே" என்றாள் உன் மகள்.

"அதையும் பண்ண வெச்சுடலாமுங்க" என்றான் தம்பி.

"வேண்டாமுங்கண்ணா. எங்கம்மா பேசாததெல்லாம் எங்கம்மா வாயில வர வேண்டாம்." அவள் அழாமல்தான் சொன்னாள். அழுதது நானும் அவனும்.

அடுத்த ஞாயிறு, போனுக்குப் பின்னாலேயே நின்று பழகிய நான் முன்னால் வந்தேன். "அக்கா எறந்துட்டாங்க" என்றேன். எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பனியனை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பினேன். உன் மகள் பக்கத்தில் வந்து கழுத்தை இழுத்து விட்டாள். கமெண்ட் பெட்டி அசையாமல் கிடந்தது. பிறகு வர ஆரம்பித்தது பார், வாசிக்கக் கண் போதவில்லை. அதில் ஒரு வரி: "ஆபரேஷன் செய்த குழந்தையின் அம்மா நான். அவனுக்கு அந்தப் பனியனைத்தான் போட்டுவிட்டேன். இப்போது ஸ்கூலுக்குப் போகிறான்." அன்று நீ தேடிய தாய் பார்த்திருக்கிறாள். பண்டிகை முடியும்வரை நம் தையல் மெஷின்கள் நிற்கவில்லை.

இனி அந்தச் சேதி. போன வாரம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மன்னார்குடி போயிருந்தேன். கல்யாண வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க ஒரு சட்டை வாங்கலாம் என்று கடைத்தெருவில் சின்னதாக ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தேன். எடுத்த சட்டையை என்னை அறியாமல் திருப்பிவிட்டேன். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்களுமாம்மா? எதைக் குடுத்தாலும் இப்ப மொதல்ல திருப்பித்தான் பாக்குறாங்க. கழுத்தைப் புடிச்சு வேற இழுக்குறாங்க. திருப்பூர்ல யாரோ ஒரு அக்கா போன்ல சொல்லிக் குடுத்துருச்சாம். நாங்க யாவாரம் பண்றதா வேணாமா?"

எனக்குப் பக்கத்தில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். ஒரு பனியனைத் திருப்பித் தையலோரமாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் உன்னைப் பார்த்தவளா, பார்த்த யாரையோ பார்த்தவளா, எனக்குத் தெரியாது. நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்றார் கடைக்காரர்.

"திருப்பூருங்க."

"அப்ப அந்த அக்காவத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"பாத்தா சொல்லுங்க. கடைக்காரங்க பாவம், கொஞ்சம் விட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

"சரிங்க, சொல்லிடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சொல்லிவிட்டேன். நீ விட்டுக்கொடுக்காதே.