நீ இறக்கிப் பாடிய அடி

என் பிரிய ஞானம்மாவுக்கு,

நம் வரதய்யபாளையத்தை ஆந்திராவோடு சேர்த்துவிட்டார்கள். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, என் தையல் கடையும் அப்படியே. சர்க்கார் காகிதம் மட்டும் தெலுங்கில் வருகிறது. எல்லைப் பேச்சு நடந்த காலத்தில் நீ சொன்னதை நினைத்துக்கொண்டேன். "எந்த ராஜ்ஜியத்துல போட்டா என்னா மாமா? பனந்தோப்பும் கூடவேதானே வரும்."

வந்துவிட்டது. மதுவிலக்கும் இருக்கிறது, தோப்பில் சாராயமும் இருக்கிறது.

நான் குடியை விட்ட புதிதில் ஊசியில் நூல் கோக்க முடியாது. கை அப்படி நடுங்கும். நீ கோத்துக் கொடுப்பாய். பகலை எப்படியோ தள்ளிவிடுவேன், விளக்கு வைக்கிற நேரம்தான் ஆகாது. கால் தானாகத் தோப்புப் பக்கம் திரும்பும். பாதிரி ஐயர் வந்து ஜெபம் பண்ணினார், நல்ல மனுஷர். ஆனால் அவர் போன பிறகும் சாயங்காலம் மிச்சம் இருக்கும்.

அப்போதுதான் சுக்குத் தண்ணியோடு வாசலில் வந்து உட்கார்ந்தாய். "நீ கட்டுன புதுப் பாட்டு எனக்கு வர்ல மாமா. சொல்லிக் குடு."

'இருளில் நின்றேனே, நீ என்னைக் கண்டாயே.' 'கண்டாயே'வில் ராகம் மேலே ஏற வேண்டும். நீ இறக்குவாய். திருத்துவேன். மறுபடி இறக்குவாய். எனக்குக் கோபம் வரும், தொடையில் தாளம் தட்டித் தட்டிச் சொல்வேன். அதற்குள் நன்றாக இருட்டி, நீ சோறு போட எழுந்துவிடுவாய். மறுநாளும் அதே அடி, அதே தப்பு. பக்கத்து வீட்டு எஸ்தர் சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் மத்தியானம், வீட்டில் மறந்து வைத்த கத்தரிக்கோலை எடுக்க வந்தேன். நீ மாவு அரைத்துக்கொண்டே பாடினாய். 'கண்டாயே' ஏறியது, நான் கட்டியதைவிட அழகாக ஏறியது. சத்தமில்லாமல் தெருமுனை வரைக்கும் திரும்பிப் போய், இருமிக்கொண்டே வந்தேன். அன்று சாயங்காலம் நீ வழக்கம்போல இறக்கினாய். நானும் வழக்கம்போலக் கோபித்துக்கொண்டேன். நமக்குள் கடைசிவரை அது பேசப்படவே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்குத் தெரியுமா?

நீ கண்ணை மூடிய பிறகு வாசலில் தனியாக உட்கார்ந்து பாடிப் பார்த்தேன். சரியாகவே பாடினேன். சரியாகப் பாடினால் பாட்டு சீக்கிரம் முடிந்துவிடுகிறது, ஞானம்மா. ஒருநாள் எழுந்து தோப்பு வேலி வரைக்கும் போய்விட்டேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. வீட்டில் விளக்கு ஏற்றவில்லையே என்ற நினைப்பு வந்து திரும்பினேன். நாளைக்கும் அந்த நினைப்பு வரும் என்று எப்படி நம்புவது?

போன வாரம் கார்வேட்டிநகரத்தில் அறுப்பின் பண்டிகை. எஸ்தர் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், கூப்பிட்டிருந்தாள். சாயங்கால ஆராதனையில் பெண்கள் தெலுங்கில் ஒரு பாட்டு எடுத்தார்கள். நம் பாட்டு. எஸ்தர் தெலுங்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த அடி வந்தது. அத்தனை பேரும் ஒன்றாக ராகத்தைக் கீழே இறக்கினார்கள்.

என் கை தானாகத் தொடையில் தாளம் தட்டியது.

முடிந்ததும் எஸ்தர் வந்தாள். "பெரிப்பா, பெரிம்மா பாடிக்கினு இருந்ததக் கேட்டுத்தான் கத்துக்கினேன். அந்த எடம் தப்புன்னு நீ கத்துவியே, ஞாபகம் இருக்குது. இவங்களுக்குச் சரியாச் சொல்லிக் குடேன்."

"தப்பு இல்லமா. அப்படித்தான் கட்டுனேன்" என்றேன்.

கோயிலுக்குள் நின்று பொய் சொன்னேன். உன்னிடம் கற்றதுதான். அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போகிற வழியிலும் அதைப் பாடிக்கொண்டே போனார்கள். நீ இல்லாத இந்த வீட்டுக்கு எனக்குத்தான் வர மனமில்லை. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி தினமும் விளக்கு வைத்ததும் வாசலில் உட்காருவேன். அந்த அடியை நானும் இறக்கியே பாடுவேன். தப்பு என்று சொல்ல நீ வர வேண்டும். வரும்வரைக்கும் எழுந்து எங்கேயும் போகமாட்டேன்.

பாட்டு வராத உன் மாமன்.