காலம் கொடுத்துப் பார்க்கலாம்

ஜனவரி 12, திங்கள்

பெட்டிக்காரர் வந்துவிட்டுப் போய்விட்டார். வருடத்துக்கு இரண்டு தடவை வரும் உளவியலாளர். படங்களும் கட்டைகளும் அடுக்கிய சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதால் ஆசிரியர் அறையில் அவருக்கு அந்தப் பெயர். ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்குள் ஐந்து பிள்ளைகளை 'மதிப்பிட்டு' முடித்தாயிற்று. பேருந்தில் டிக்கெட் கிழிப்பவர்கூட ஆளை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்.

மூன்றாம் வகுப்பில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. தங்கை முதல் வகுப்பில் இருப்பதால் இவளை எல்லோரும் மூத்தவள் என்றே சொல்வோம். வீட்டில் தமிழ் மட்டும். சோதனை முழுக்கப் பள்ளி மொழியில். முடிவு: அறிவுத்திறன் குறைவு, சிறப்புப் பள்ளிக்கு மாற்றலாம். கீழே பெற்றோருக்கு ஓர் ஆலோசனை வேறு: வீட்டிலும் பள்ளி மொழியில் மட்டும் பேசவும்.

பதினோரு வருடமாக இந்தப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் துணை ஆசிரியை நான். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற என் அறைதான் சோதனைக்கு வேண்டும். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமாம்!

ஜனவரி 13

தலைமையாசிரியையிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். மறுமதிப்பீடு வேண்டுமென்றால் படிவம் எழுதிக் கொடுங்கள் என்றார். நாலு பக்கம். 'வீட்டு மொழி' என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள்: பள்ளி மொழி, மற்றவை.

நாங்கள் மற்றவை.

ஜனவரி 27, செவ்வாய்

மறுமதிப்பீடு. மொழிபெயர்க்க ஓர் அம்மாவை அனுப்பியிருந்தார்கள். தங்கமான மனுஷி, அதுதான் தொல்லை. குடைப் படத்தைக் காட்டினால், "மழை வந்தா பிடிப்போம்ல கண்ணு, கு... கு..." என்று பாதி வார்த்தையை அவரே எடுத்துக் கொடுக்கிறார். பெட்டிக்காரர் 'சரி' போட்டுக்கொள்கிறார். அடுத்த கேள்வியை அந்த அம்மா தாளில் இருந்த செந்தமிழிலேயே வாசித்தார்: "இவற்றுள் வேறுபட்ட உருவம் யாது?" மூத்தவள் என்னைப் பார்த்தாள். எனக்கே ஒரு நொடி பிடித்தது, பிள்ளை என்ன செய்யும்?

நடுவில் விளையாட்டு ஆசிரியர் கதவைத் தட்டாமல் வந்து அலமாரியிலிருந்து இரண்டு பந்தை எடுத்துக்கொண்டு போனார்.

மதிப்பெண் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். பரிந்துரையில் மாற்றம் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் இறுதி முடிவு. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிப்ரவரி 3

மூத்தவளின் அம்மா வந்தார். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை, சீருடையோடே வந்திருந்தார்.

"வீட்ல எப்படிம்மா இருக்கா?"

"சத்தமே இல்ல டீச்சர். தமிழ்ல பேசக்கூடாதுன்னு எழுதிக் குடுத்தாங்கல்ல, நிறுத்திட்டோம். எனக்கு அந்த பாஷைல வா, போ, சாப்பிடு, தூங்கு, சீக்கிரம்... இவ்ளோதான் தெரியும். அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டிருக்கேன்."

மூன்று வாரமாக! ஒரு தாய்க்கும் பெண்ணுக்கும் நடுவில் ஐந்து வார்த்தை! எனக்கு வந்த கோபத்தில், "இன்னைக்கே தமிழ்ல பேசுங்க. வாய் வலிக்கிற வரைக்கும் பேசுங்க. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று கத்திவிட்டேன்.

கதவருகில் போனவர் திரும்பி நின்றார். "ஆனா டீச்சர், இவ தமிழ்லயும் இப்படித்தான். சின்னவ மாதிரி கடகடன்னு வராது. முன்னாடியே உங்ககிட்ட சொன்னேனே."

"அதெல்லாம் பயம்மா. சரியாயிடும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். பெற்றவர்களுக்குக் கவலை இருக்கத்தானே செய்யும்.

பிப்ரவரி 9, திங்கள்

நானே தமிழில் சோதித்துப் பார்த்து, முடிவைக் கூட்டத்தில் பெட்டிக்காரர் முன்னால் தூக்கிப் போடப் போகிறேன். இன்று கட்டை அடுக்கும் புதிர். நான் விடைத்தாளைப் பார்ப்பதற்குள் அவள் முடித்துவிட்டாள். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே. அறிவுத்திறன் குறைவாம்! வாயில் நன்றாக வருகிறது எனக்கு.

பிப்ரவரி 10

படங்களுக்குத் தமிழில் பெயர் சொல்லச் சொன்னேன். எல்லாம் வீட்டில் புழங்கும் சாமான்.

சீப்பு — "தலைக்கு... இப்படி இப்படி பண்ணுவோம்ல, அது."
பூட்டு — "கதவுக்கு... அது."
ஏணி — "மேல போறது."

பெயரை நான் சொன்னால் உடனே சரியான படத்தைத் தொடுகிறாள். தெரியாமல் இல்லை, எடுக்கத்தான் வரவில்லை. மூன்று வாரம் வீட்டில் பேச்சே இல்லையே, அதனால்தான். வேறென்ன?

பிப்ரவரி 11

நேற்றுச் சொல்லிக் கொடுத்த ஏணி இன்று மறுபடியும் 'மேல போறது'. ஒரு குட்டிக் கதை சொல்லித் திருப்பிக் கேட்டேன். "அவன் போனான்... அது விழுந்துச்சு... அப்புறம் அவன் அதை..." என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். என் முகம் என்ன காட்டியதோ, "ஸாரி டீச்சர்" என்றாள்.

பயம்தானே? பயமாகத்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

சின்னவளைக் கூப்பிட்டு அதே படங்களைக் காட்டினேன். ஐந்தரை வயது. அதே வீடு, அதே அம்மா, அதே மூன்று வார மௌனம்.

"சீப்பு. பூட்டு. ஏணி. ஏணி மேல ஏறினா அப்பா திட்டுவாரு. இவ்ளோதானா டீச்சர்?"

பிறகு மேசையைச் சுற்றி வந்து என் காதருகில் மெதுவாகச் சொன்னாள்: "அக்காவுக்கு நான்தான் சொல்லிக் குடுப்பேன். அவளுக்கு உள்ள இருக்கும், வெளில வராது."

படங்களை அடுக்கி உள்ளே வைத்தேன்.

பிப்ரவரி 13

காலையில் முதல் வேலையாகப் பழைய கோப்பை எடுத்தேன். அவள் முதல் வகுப்பில் இருந்தபோது எழுதியது, இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. என் கையெழுத்து, அழகாக, கோடு விலகாமல்: 'இருமொழிக் குழந்தை. காலம் கொடுத்துப் பார்க்கலாம்.' அதன் கீழே: 'தாய் கவலைப்படுகிறார். தேவையற்றது.'

தேவையற்றது! யார் சொன்னது? நான்தான். இவ்வளவு நாள் பெட்டிக்காரரைத் திட்டித் திட்டி இந்த நோட்டில் பாதியை நிரப்பியிருக்கிறேன். தமிழ்ப் பிள்ளை திணறினால் மொழிதான் காரணம், மொழி மட்டும்தான் காரணம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை யார் திட்டுவது? இரண்டு வருடம். அவள் வயதில் கால்வாசி.

சாயங்காலம் பாத்திரங்களை நான் வைத்த வேகத்தைப் பார்த்து வீட்டுக்காரர், "யார் மேல கோபம்?" என்றார். அடுத்த பாத்திரத்தை எடுத்தேன். அவர் வந்து அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 16, திங்கள்

சலவைக்கூடத்துக்கே போனேன். ஆவியும் சூடும். இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னேன். பெண்ணுக்குப் புத்தி குறைவில்லை. வார்த்தையை வெளியே எடுப்பதில்தான் ஏதோ சிக்கல், இரண்டு மொழியிலும். அதற்கு உதவி உண்டு. நீங்கள் முதலிலேயே சொன்னீர்கள், நான் காது கொடுக்கவில்லை.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அப்ப நான் சொன்னது சரியா டீச்சர்?"

"சரிதாம்மா."

"எனக்குத்தான் எதுவும் தெரியலைன்னு நெனச்சிட்டிருந்தேன்." முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் நாலு சட்டை இருக்கு" என்று திரும்பிக்கொண்டார். நாலு சட்டையும் முடியும்வரை அங்கேயே நின்றேன்.

பிப்ரவரி 26, வியாழன்

கூட்டம். பெட்டிக்காரர் கோப்பைப் புரட்டி என் வரியிலேயே விரலை வைத்தார். மொழிப் பிரச்சினை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? ஆமாம், தப்பாக எழுதினேன் என்றேன். உயிர் ஒன்றும் போய்விடவில்லை.

புதிர் முடித்த நேரம், மூத்தவளின் சொற்கள், சின்னவளின் சொற்கள் மூன்றையும் பரப்பினேன். இரண்டு பட்டியலையும் அவர் வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார். "தங்கையை நான் யோசிக்கவில்லை" என்றார். அந்த மனுஷனிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது. கூட்டத்துக்கு வந்திருந்த மூத்தவளின் அம்மா பேசியதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். பள்ளி மாற்றம் ரத்து. பேச்சுப் பயிற்சியாளர் வாரம் ஒரு நாள் வருவார், தினமும் அரை மணி தமிழில் என்னோடு. வீட்டில் தமிழ் கூடாது என்ற வரியைப் பெட்டிக்காரரே தன் பேனாவால் அடித்தார்.

மார்ச் 12

பயிற்சியாளர் இளம்பெண், கறார். வீட்டில் எல்லோருக்கும் ஒரே கட்டளை: வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள், காத்திருங்கள். சின்னவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பாவம்.

ஏப்ரல் 21

ஒன்றும் நகரவில்லை. இன்றைக்கும் 'அது', 'அது', 'அது'. எனக்குத்தான் அவசரம்.

ஜூன் 9, செவ்வாய்

மதியம் மூத்தவளின் அம்மா போன் செய்தார். எடுத்ததுமே புகார்.

"டீச்சர், இன்னைக்கு காலைல என்னையே எதிர்த்துப் பேசிட்டா. சட்டைய நான்தான் மடிச்சேன், நீ பாக்காமலே திட்டுற, எப்பவும் சின்னவளுக்குத்தான் நீ பேசுவன்னு... மூச்சுவிடாம இல்ல, நின்னு நின்னுதான். ஆனா முழுசா சொன்னா டீச்சர்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"திட்டினேன். அம்மாவை அப்படியா பேசறதுன்னு நல்லா திட்டினேன்." பின்னால் ஆவி சீறும் சத்தம் மட்டும். "அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துதான் திட்டினேன்."